முப்பத்து நான்கு பிரதிகள்

முதல் போன் வந்தபோது ஏதோ புகார் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். "கழுகுமலையில ஒரு கல்யாணத்துல கொடுத்த மஞ்சள் பை என் கையில இருக்கு. அதுல கீழே உங்க கடை நம்பர் போட்டிருக்கு. இதை அடிச்சது யாரு?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. சென்னைப் பேச்சு. சாயம் போகிறது, சேலையில் ஒட்டிக்கொண்டது என்று யாராவது சொல்வது வழக்கம்தான்.

"நான்தாம்மா அடிச்சேன். என்ன ஆச்சு?"

"நீங்களேவா? ஆள் வச்சு இல்லையே?"

"நானேதான்."

"மயில் போட்டிருக்கீங்க. மூணு கலர். கழுத்து நீலம் பச்சையோட சேர்ற இடத்துல ஒரு மயிரிழைகூட விலகல. துணியில இதை எப்படிச் செஞ்சீங்க?"

பதினெட்டு வருஷமாக ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் பை, கடலை மிட்டாய் அட்டை, ஜவுளிக்கடை கவர் என்று கோவில்பட்டியில் நான் அடிக்காத சாமான் குறைவு. எப்போது தருவாய் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எப்படிச் செய்தாய் என்று அதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. "பழக்கந்தாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த மாதம் அவரே நேரில் வந்தார். அறுபது வயதிருக்கும். கதர் ஜிப்பா, குட்டையாக வெட்டிய நரைமுடி, தோளில் நீளமான ஒரு குழாய்ப் பெட்டி. தான் ஓவியம் வரைகிறவர் என்றும், சென்னையில் இருப்பதாகவும் சொன்னார். எங்கள் வீட்டு மாடியில்தான் என் பட்டறை. ஒரு மேஜை, அதன் மேல் கீல் வைத்துப் பொருத்திய சட்டம், சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி. அந்த வலையின் வழியாக மையை ரப்பர் கட்டையால் இழுத்தால் கீழே உள்ள காகிதத்தில் படம் விழும். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். இவ்வளவுதான் தொழில். அந்த அம்மா கோவிலுக்குள் வந்தவர் மாதிரி செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு மேலே ஏறி வந்திருந்தார். மேஜையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"ஒரு படம் அடிக்கணும். ஒன்பது நிறம். நாற்பத்தஞ்சு பிரதி. ஒவ்வொண்ணுலயும் நான் நம்பர் போட்டுக் கையெழுத்துப் போடுவேன்."

"நாப்பத்தஞ்சோட எதுக்கும்மா நிறுத்தணும்? சட்டம் ஒருதடவ போட்டாச்சுன்னா ஆயிரங்கூட அடிக்கலாமே" என்றேன். ஒன்பது சட்டம் தயார் செய்யும் பாட்டை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன்.

"அடிக்கலாம். அடிக்க மாட்டோம்னு வாக்குக் கொடுக்கிறோம். அந்த வாக்குக்குத்தான் கையெழுத்து."

எனக்கு அது முழுதாக விளங்கவில்லை. சென்னையில் இந்த வேலைக்கென்றே பெரிய பட்டறைகள் இருக்கும்போது என்னிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். படத்தை விரித்துக் காட்டினார். கரிசல் காடு. காகிதத்தில் முக்கால்வாசி மண்தான். மேலே ஒரு விரற்கடை அளவு வானம். வானமும் மண்ணும் சேரும் கோட்டில் விதைப்புக்குப் போகிற ஏழெட்டுப் பெண்கள், எறும்பு வரிசைபோல. அதில் ஒருத்தி மட்டும் செம்மஞ்சள் சேலை. "ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே எங்க ஊர். பன்னிரண்டு வயசுல ஊரை விட்டுப் போனேன். இந்தப் படத்தைக் கடற்கரைப் பக்கம் அடிச்சா காகிதம் ஈரத்துல நெளியுது. இங்கே காற்று காய்ஞ்ச காற்று" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "அது ஒரு சாக்கு. அந்த மயில்தான் காரணம்" என்றார்.

என் வீட்டுக்காரர் மினிபஸ் ஓட்டுகிறார். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர் வந்த விருந்தாளிக்கு டீ வாங்கிவந்து கொடுத்தார். டம்ளரை வாங்கும்போது அந்த அம்மாவின் வலதுகை கிடுகிடுவென்று ஆடியது. டீ பாதி தரையில் போயிற்று. நான் சட்டென்று படத்தை இழுத்துக்கொண்டேன். அவர் கைக்குட்டையால் விரலைத் துடைத்தபடி, "நாலு வருஷமா இப்படித்தான். மாத்திரை போட்டா ஒரு மணி நேரம் சொன்னபடி கேட்கும். மெல்லிசுக் கோடு இனிமே எனக்கு இல்லை. இந்தப் பெண்களை மட்டும் ஆறு மாசம் வரைஞ்சேன்" என்று சொன்னார். அழுகையோ சலிப்போ இல்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னார். என் வீட்டுக்காரர் தரையைத் துடைத்தார். மறுநாளிலிருந்து பெரிய டம்ளராக எடுத்து அதில் பாதி மட்டும் ஊற்றிக் கொடுத்தார்.

வேலை தொடங்கியது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜில் அந்த அம்மா தங்கிக்கொண்டார். என்னிடம் வேலை பார்க்கும் பெண் முன்பு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவள், கை வேகம் உள்ளவள். நான் மை இழுக்க, அவள் தாளை எடுத்து அடுக்கில் காயப் போடுவாள். இதற்கென்று என் வீட்டுக்காரர் இரும்புப் பட்டையும் நைலான் வலையும் வைத்து ஐம்பது தட்டு அடுக்கு ஒன்று செய்வித்திருந்தார். தாள் கெட்டியான பருத்தித் தாள். ஐம்பது தாள் வந்திருந்தது. ஐந்து சேதாரத்துக்கு. வானம் இரண்டு நிறத்தில் நன்றாக விழுந்தது. தூரத்து உடைமரங்களும் விழுந்தன. ஒரு நாளைக்கு ஒரு நிறம்தான். காய்ந்த பிறகே அடுத்தது.

நான்காவது மண். அங்கேதான் சண்டை வந்தது. கறுப்பு மையை இழுத்து முதல் தாளைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார்.

"இது செத்த கறுப்பு."

மை கூட்டி, குறைத்து இன்னும் இரண்டு தாள் போட்டேன். அதுவும் இல்லை என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று தாள் வீண். நின்று நின்று கால் வேறு கடுத்தது.

"அக்கா, கறுப்புன்னா கறுப்புதான். டப்பாவுல உள்ளது அதுதான்."

"நம்ம மண்ணு டப்பாவுக்குள்ளயா கெடக்கு?"

அதுவரை பத்திரிகைத் தமிழ் மாதிரி பேசிக்கொண்டிருந்தவர் வாயில் இது வந்ததும் நான் திரும்பிப் பார்த்தேன். அவருக்கே ஆச்சரியமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் முகம் இறங்கியிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் பாத்திரம் துலக்கும்போது எனக்கு ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வந்தது. அரக்கு நிறத்தில் பூ அடித்த அட்டையில் தெரியாமல் கறுப்பு எழுத்து ஏறிவிட்டது. அந்த எழுத்து மட்டும் மற்றதைவிட ஆழமாக, சூடாகத் தெரிந்தது. பெண் வீட்டுக்காரர் திட்டிவிட்டு அத்தனையையும் திருப்பி அடிக்கச் சொன்னார். கறுப்புக்கு அடியில் இன்னொரு நிறம் படுத்திருந்தால் கறுப்புக்கு உயிர் வரும் என்பதை அந்தத் திட்டோடு சேர்த்து மறந்தே போயிருந்தேன். மறுநாள் கெட்டுப்போன தாள் ஒன்றின் பின்பக்கத்தில் ஊதா கலந்த அரக்கை இழுத்துக் காயவிட்டேன். அதற்கடுத்த நாள் காலை அதன் மேல் கறுப்பை, ஒளி ஊடுருவும் நிறமில்லா மையோடு கலந்து, சன்னமாக இழுத்தேன். அவர் வந்ததும் அந்தத் தாளைக் கையில் கொடுத்தேன்.

ஜன்னலுக்குக் கொண்டுபோனார். சாய்த்துப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, "ஏட்டி!" என்று ஒரு சத்தம்.

"ஏட்டி, இங்கன வா. இதப் பாரு. முத மழைக்கு ஊறின மண்ணுல்லா இது! எங்கன இருந்து பிடிச்ச?"

நாற்பத்தைந்து வயதில் என்னை ஒருவர் சின்னப் பிள்ளையைப்போல 'ஏட்டி' என்று கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சொல்லப்போனால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கல்யாணப் பத்திரிகைக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஒன்பது நிறம் பத்து நிறமாயிற்று. அன்றிலிருந்து அவர் எங்களிடம் அந்தப் பட்டணத்துத் தமிழ் பேசவே இல்லை.

கடைசி நிறம் அந்தச் செம்மஞ்சள் சேலை. நெல்மணி அளவு இடம். அதைக் கடைசிக்கு வைத்ததே அது துல்லியமாக உட்கார வேண்டும் என்பதற்காகத்தான். அன்று அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை. மேஜையில் தாளின் மூலை முட்டுவதற்காக மூன்று அட்டைத் துண்டு ஒட்டியிருப்போம். அதில் முட்டினால்தான் ஒவ்வொரு தாளும் ஒரே இடத்தில் இருக்கும். சாப்பிட்டு வந்து மறுபடி தொடங்கியபோது அந்தத் துண்டுகளை அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஒன்று பசை விட்டு நகர்ந்திருக்கிறது. பதினொரு தாள் இழுத்த பிறகுதான் கண்ணில் பட்டது. சேலை அந்தப் பெண்ணை விட்டு ஒரு நூலளவு வெளியே நின்றது. உடம்பு ஒரு பக்கம், சேலை ஒரு பக்கம்.

மிச்சத்தைச் சரியாக இழுத்து முடித்தேன். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னோடு இருந்த பெண் ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா, ஒரு நூலுதான். லென்ஸ் வச்சுப் பாத்தாத்தான் தெரியும். அவியளுக்கும் இப்ப பார்வை அவ்வளவு கூர்மை இல்ல. நடுவுல நடுவுல சொருகி வச்சிருவோம்."

அவள் என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னாள். நானும் அன்று முழுக்க அதை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். சொருகி வைக்கலாம் என்று நினைத்ததை மறைக்க விரும்பவில்லை. ராத்திரி சோறு போடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பிசைந்த கையோடு கேட்டார்: "ஒன் கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"அப்பம் தெரியுதுல்லா" என்றார். அவ்வளவுதான்.

காலையில் அந்த அம்மா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே சொல்லிவிட்டேன். "அக்கா, பதினோரு தாள் கெட்டுப்போச்சு. என் தப்புதான். முட்டுக் கட்டைய நான் பாக்கல." அவர் ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பிப் பார்த்தார்.

"கிழிச்சிருவோம்" என்றார்.

ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் பிடித்தார். தாள் கெட்டி, கை நடுக்கம். கிழியவில்லை. இரண்டாம் முறையும் முயன்றார். பிறகு என்னிடம் நீட்டினார். பத்து நாள் நின்று அடித்த தாள். எனக்கும் கை வரவில்லை. கடைசியில் அவர் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடித்து இழுத்தேன். துணி கிழிகிற மாதிரி சத்தம். பதினொரு தடவை. என்னோடு இருந்த பெண் பார்க்க மாட்டாமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"கோவம் இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"கோவமா? நீ சொல்லாம இருந்திருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்லா. அந்தப் பொய் என் பேர்ல நின்னுருக்கும், நான் செத்த பொறவும். நீ என்னைக் காப்பாத்தியிருக்க" என்றார். பிறகு துண்டுகளைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டே, "கையெழுத்து நான் போடுதேன், ஆனா அதுக்கு ஜாமீன் நீயில்லா" என்று சொன்னார்.

ஐம்பதில் கறுப்புக்கு மூன்று போயிற்று, சேலைக்குப் பதினொன்று. மிச்சம் முப்பத்தாறு. அதில் ஒன்று ஓவியருக்கு, ஒன்று அச்சடித்தவருக்கு. அது உலகம் முழுக்க உள்ள முறையாம். ஆக, முப்பத்து நான்கு பிரதிகள்.

கையெழுத்துப் போட எட்டு நாள் ஆயிற்று. காலையில் மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்துக் கை அடங்கும். அந்த நேரத்துக்குள் ஐந்து அல்லது ஆறு. பென்சிலால்தான் போட வேண்டும். இடதுபக்கம் எண், வலதுபக்கம் பெயர். நான் தாளை அசையாமல் பிடித்துக்கொள்வேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவார். கை ஆடத் தொடங்கினால் பென்சிலை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். மூன்றாம் நாள் ஒரு கையெழுத்துப் பாதியில் நின்றுவிட்டது. அடுத்த நாள்தான் மீதியை எழுதினார். என்னோடு இருந்த பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்க்கா இம்புட்டுப் பாடுபடுதீங்க? ஒரு கையெழுத்தப் போட்டுக் கொடுங்க. அதையும் ஸ்கிரீன் எடுத்து அஞ்சு நிமிஷத்துல முப்பத்துநாலுலயும் அடிச்சுத் தந்துருதோம்."

அந்த அம்மா பென்சிலைப் போட்டுவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரை. அன்று அதற்குப் பிறகு ஒன்றுமே எழுத முடியவில்லை. அந்தக் கையெழுத்துகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்று நேராக இருக்கும், ஒன்று மேட்டில் ஏறி இறங்கும். எது எந்த நாள் போட்டது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

கடைசி நாள் எல்லாவற்றையும் கவிழ்த்து வைக்கச் சொன்னார். பென்சிலை என்னிடம் நீட்டினார். "பின்னாடி ஒன் பேரும் ஊரும் எழுது. முப்பத்தாறுலயும்."

"நான் எதுக்குக்கா?"

"கறுப்பு யாருது?"

ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்துப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் செய்த ஒரு பொருளில் என் பெயரை அதுவரை எழுதியதில்லை. மஞ்சள் பையில் கடை நம்பர் இருக்கும், அவ்வளவுதான். முதல் நாலைந்தில் என் எழுத்தும் நடுங்கியது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "இப்பம் ரெண்டு பேரு கையெழுத்தும் ஒண்ணுபோலதான் இருக்கு" என்று கேலி செய்தார். தமிழில்தான் எழுதினேன். ஊர் என்று வந்தபோது கோவில்பட்டி என்று முழுதாக எழுதினேன்.

அன்று மத்தியானமே பத்துச் சட்டங்களையும் கொல்லையில் வைத்து அவர் கண்முன்னால் கழுவினேன். பிளீச்சிங் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிஷம் விட்டால் வலையில் படிந்திருக்கும் படம் வழுக்கிக்கொண்டு போகும். வானம் போயிற்று, மரம் போயிற்று, மண் போயிற்று. அந்தச் சேலைக்காரியின் சட்டத்தைக் கழுவும்போது மட்டும் குழாயைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். கை ஆடி ஆடித் தண்ணீர் எங்கள் மூன்று பேர் மேலும் விழுந்தது. வெறும் வலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். வாக்கு என்று அவர் முதல் நாள் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சென்னையில் கண்காட்சி வைத்தபோது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அழைப்பு வந்தது. வெள்ளைச் சுவரில், கண்ணாடிக்குள், தனி விளக்கு வெளிச்சத்தில் அந்தப் படத்தைப் பார்த்ததும் ஊர்க்காரரை அயலூரில் பார்த்த மாதிரி இருந்தது. பக்கத்தில் சின்ன அட்டையில் அவர் பெயர், கீழே 'அச்சு' என்று போட்டு என் பெயர். என் வீட்டுக்காரர் அதைச் சத்தமாகப் படித்தார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து, வந்திருந்தவர்களிடமெல்லாம் கொண்டுபோய், "இவதான் என் அச்சுக்காரி" என்று சொன்னார். நன்றி சொல்ல வேண்டும் என்று ரயிலில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். எங்கள் பக்கம் அந்த வார்த்தையை மேடையில்தான் சொல்வார்கள். வாயில் வந்தது, "சாப்பிட்டீங்களாக்கா?" என்பதுதான். "இன்னும் இல்லட்டி. வா, சேந்து சாப்பிடுவோம்" என்றார்.

இப்போது அவருக்கு நடமாட்டம் குறைந்துவிட்டது. போனில் பேசுகிறோம். அதற்குப் பிறகு வேறு இரண்டு ஓவியர்கள் அவர் சொல்லி என்னிடம் வந்தார்கள். ஆனாலும் பையும் பத்திரிகையும்தான் என் தினப்படி வேலை, அதில் எனக்குக் குறை இல்லை. என் கைக்கு என்ன தெரியும் என்று எனக்கே சொல்லிக் கொடுத்தவர் அவர். ஒரு போன் அழைப்பில் அது தொடங்கியது என்பதை நினைக்கும்போதெல்லாம், அந்தக் கல்யாணத்துக்கு அவரை வரவழைத்த, முகம் தெரியாத உறவினரைக்கூட நான் வாழ்த்திக்கொள்கிறேன்.

என் பிரதி கீழே கூடத்தில், வெயில் படாத சுவரில் இருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் அட்டை வேலை கொடுக்க வருவார். வரும்போதெல்லாம் அதன் முன்னால் நிற்பார். "இன்னொண்ணு அடிச்சுக் கொடுங்களேன், ஆபீஸ்ல மாட்டுதேன்" என்று ஒருநாள் கேட்டார்.

"முடியாது அண்ணாச்சி. சட்டத்தக் கழுவியாச்சு. சட்டம் இருந்தாலும் அடிக்க மாட்டேன்."

கோபித்துக்கொள்வாரோ என்று நினைத்தேன். போன வாரம் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார், வேலை எதுவும் இல்லாமல். மனைவி படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"இது எங்க ஊருக்குக் கெழக்க உள்ள காடுல்லா?" என்றார்.

"ஒங்க ஊரா? இது கழுகுமலை ரோட்டுல, நம்ம புஞ்சைக்கு அடுத்தாப்புல உள்ளது" என்றார் அண்ணாச்சி.

"ஏன், அங்கன இப்படி மேடு எங்க இருக்கு?"

இரண்டு பேரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அது யாருடைய ஊர் என்று சொல்லவில்லை. டீ போட உள்ளே போனேன்.